கருந்தொண்டைப் பூங்குருவி, ஒன்று

லாரியின் விளக்கு வெளிச்சத்தில் முதலில் அது பனிப்புகை மாதிரிதான் தெரிந்தது. அடுத்த கணம் அந்தப் புகைக்கு ஒரு முகம் வந்தது.

ரெய்யா பிரேக்கை மிதித்தாள். வண்டியின் முன்னால் பூட்டியிருந்த பனி வழிக்கும் தகடு சாலையில் உரசிப் பொறி பறந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்ட முகம், நடுவில் இரண்டு மஞ்சள் கண்கள். பெருஞ்சாம்பல் ஆந்தை கண்ணாடிக்கு முன்னால் மிதந்து போய், எதிர்ப்பக்கப் பனிமேட்டில் இறங்கியது. அவசரமே இல்லை அதற்கு. காலைப் பனிக்குள் விட்டுத் துழாவி, வெள்ளையாக எதையோ எடுத்து விழுங்கியது.

வெள்ளையாக. ரெய்யாவுக்கு அதுதான் உறுத்தியது. லிமிங்கா வயல்களில் எலிகள் பழுப்பு நிறம். வெள்ளை எலி கடையில்தான் கிடைக்கும், பாம்பு வளர்ப்பவர்களுக்காக.

பின்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து, அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அது கிளப்பிய பனித்தூள் அடங்கியபோது ஆந்தையைக் காணவில்லை. அவள் கைவிளக்கோடு இறங்கிச் சாலையோரம் முழுக்கத் தேடினாள். இறகு இல்லை. ரத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மின்கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து அது அவளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தது.

வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தாள். டிசம்பரில் இதே வளைவில் வண்டியில் அடிபட்டுச் செத்த இன்னொன்றைப் பொறுக்கியிருந்தாள். அவ்வளவு பெரிய பறவை, கையில் எடுத்தால் எடையே இல்லை. தலையணை உறை மாதிரி தொங்கியது.

தூக்கம் என்பது ரெய்யாவுக்கு அக்டோபரில் விட்டுப்போய் ஏப்ரலில் திரும்பி வருகிற உறவு. ஊர் எழுவதற்கு முன் சாலையை வழிக்க வேண்டும். வழித்து முடித்த சாலையில் மறுபடி பனி விழும். ஐம்பத்தாறு வயதில் முதுகு, தோள், முழங்கால் எல்லாம் தனித்தனியாகக் குறை சொல்ல ஆரம்பித்திருந்தன. மிச்சமிருக்கிற நேரத்தைத் தின்பதற்குக் கைபேசி இருந்தது.

அதில் ஒரு குழு, பெயர் ‘வடக்கு வயல்’. அவளும் என்சியோவும் ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் என்சியோ, அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவளிடம் பொய்யான மரியாதை எதுவும் எதிர்பார்க்காதவர். பறவை பார்க்கிற நாற்பது சொச்சம் பேர் அந்தக் குழுவில். எங்கே, என்ன பறவை, எத்தனை, பார்த்தவர் பெயர். அவ்வளவுதான் எழுத வேண்டும். அந்த ஒரு வரியை நம்பி ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு, பச்சைக் குழந்தையைப் பாட்டி வீட்டில் இறக்கிவிட்டு, உறைபனியில் மணிக்கணக்காக வண்டி ஓட்டுவார்கள். அதனால் குழுவுக்கு ஒரே ஒரு விதி. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் வெளியே. மறுபேச்சு கிடையாது. பல வருஷம் முன்னால் பார்க்காத கடற்காகம் ஒன்றை எழுதியதற்காக ஒருவரை அப்படி நீக்கினார்கள். அந்த மனிதர் இன்றைக்கும் கடைத்தெருவில் ரெய்யாவைக் கண்டால் தக்காளிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

விதியை எழுதியது ரெய்யா. அதைச் சரி பார்த்தது என்சியோ.

பொழுது வெளுத்தபின் அவள் அதே வளைவுக்குத் திரும்பி வந்தாள். எதிர்பார்த்தது போலவே சாலைமேல் கார்கள் நின்றன. முக்காலிகள், நீளநீளமான லென்சுகள். நடுவில் வெசா, கையில் மூடி திறந்த பிளாஸ்டிக் டப்பாவோடு. காகித ஆலை மூடிய பிறகு வெசாவுக்குப் பறவைதான் பிழைப்பு. தெற்கேயிருந்து வருகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஆந்தை காட்டுவான்.

லாரியின் ஜன்னலை இறக்கினாள். "வெசா, டப்பாவ மூடு."

"காலைலயேவா ரெய்யா? காப்பி குடிச்சீங்களா?"

"விடியறதுக்கு முன்னாடி என் கண்ணாடியில மோதியிருக்கும் அது. உன் எலிக்காகத்தான் ரோட்டத் தாண்டி வருது."

"நீங்க மெதுவா ஓட்டுங்க."

"நான் ஓட்டுவேன். மரலாரிக்காரன் ஓட்டுவானா?"

வெசா டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான். "முன்னாடி நாங்க ஓரத்துல நின்னுதான் படம் எடுத்தோம். அந்த இடத்துல பனியக் கொட்டி அடைச்சது யாரு? நீங்கதான. இப்ப ரோட்டுமேல நிக்கிறோம், எலியும் ரோட்டோரமா விழுது. என்னப் போய்த் திட்டறீங்க."

அது உண்மை. போன வாரம் அவள்தான் வண்டி நிறுத்துகிற இடத்தைப் பனியால் மூடினாள். கூட்டம் கலையும் என்று நினைத்தாள். கூட்டம் இன்னும் பத்தடி நெருங்கி வந்ததுதான் மிச்சம். போலீசுக்கும் பேசியாகிவிட்டது. எலி போடக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லையாம்.

"சனிக்கிழமை ஹெல்சின்கிலேர்ந்து ரெண்டு வேன் ஆளுங்க வராங்க," என்றான் வெசா, குரலைத் தாழ்த்தி. "அவங்ககிட்டப் போய், ஆந்தைக்கு இன்னிக்கு லீவுன்னு சொல்லவா? புரிஞ்சுக்குங்க."

அவள் ஜன்னலை ஏற்றினாள். சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

மதியம் பெட்ரோல் பங்க் வாசலில் வண்டியை நிறுத்தி, கறுத்த ரை ரொட்டியைக் கடித்துக்கொண்டே என்சியோவைக் கூப்பிட்டாள்.

"கிழவா, ஒரு யோசனை சொல்லு."

"ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டுட்டுத் தூங்கு."

"ஆந்தைக்குக் கேட்டேன்."

"அதுவா." மறுமுனையில் இருமல். "ரெண்டு மூணு நாள் யாரும் எலி போடலேன்னா அது தானா காட்டோர வயலுக்குப் போயிடும். பசிச்சா உழைக்கும். ஆனா இவனுங்க நிறுத்த மாட்டானுங்க. இதவிடப் பெரிசா ஒண்ணு வேற எங்கயாவது வந்து உக்காந்தாதான் உண்டு."

"என்ன வரும் இந்தக் குளிர்ல?"

"கருந்தொண்டைப் பூங்குருவி வரட்டுமே. நானே ஓடுவேன்."

ரெய்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த சைபீரியப் பறவை என்சியோவுக்குக் கிடைக்காத ஒன்று. நாட்டின் மறுகோடி வரை போய் மூன்று முறை கோட்டை விட்டவர். கடைசி முறை அது மரத்தில் வந்து உட்கார்ந்தபோது அவர் எதிர்க்கடையின் கழிப்பறையில் இருந்தார். வெளியே நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் எங்கேயாவது கழிப்பறைக்குப் போனால், "சீக்கிரம் வா கிழவா, வந்திடப் போகுது" என்று யாராவது குரல் கொடுக்காமல் விடுவதில்லை.

"நீ ஓடினாலும் காரு ஓடணுமே," என்றாள்.

"காரு வொர்க்‌ஷாப்ல படுத்திருக்கு. அடுத்த மாசம்தான் வரும். பூங்குருவிகிட்ட அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. லாரியின் ஹைட்ராலிக் குழாய் வெடித்துவிட்டது. புதுக்குழாய் வாங்க வடக்கே வாராகோஸ்கி கிடங்குக்குக் காரில் போனாள். இரண்டு மணி நேர ஓட்டம், வழி நெடுகக் காடு. கிடங்குக்கு எதிரே, மூடிக்கிடந்த பழைய கூட்டுறவுக் கடையின் முற்றத்தில் ஒரு ரோவன் மரம். ஜனவரியிலும் சிவப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாக மிச்சமிருந்தன. அதில் பூங்குருவிக் கூட்டம் ஒன்று. எல்லாம் சாதாரண சாம்பல்தலை.

பழக்க தோஷம், பைனாகுலரை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாம்பல்தலை. சாம்பல்தலை. குளிரில் கழுத்தை உள்ளே இழுத்துப் பந்து மாதிரி உட்கார்ந்திருந்தவற்றை இரண்டு முறை பார்த்தாள். அவையும் சாம்பல்தலைதான்.

பைனாகுலரை இறக்கியபோது கைபேசி அதிர்ந்தது. குழுவில் வெசா: ‘நாளை ஆந்தை வளைவில் எல்லோருக்கும் இடம் உண்டு. காலை வெளிச்சம் அருமையாக இருக்கும்.’ கீழே ஒரு கட்டைவிரல், இன்னொரு கட்டைவிரல், இன்னும் நான்கு.

கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். ஒரு மூச்சில் அடித்தாள்.

‘வாராகோஸ்கி, பழைய கூட்டுறவுக் கடை முற்றம். கருந்தொண்டைப் பூங்குருவி, ஒன்று. சாம்பல்தலைகளோடு ரோவன் மரத்தில். ரெய்யா.’

அனுப்பினாள்.

கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு குழாய் வாங்கக் கிடங்குக்குள் போனாள்.

குழு கொதித்தது. படம் இருக்கிறதா என்றார் ஒருவர். குளிரில் கைபேசி அணைந்துவிட்டது என்று எழுதினாள். மைனஸ் இருபத்தெட்டில் யாருடைய கைபேசியும் அணையும். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ரெய்யா எழுதினால் எழுதியதுதான்.

சனிக்கிழமை விடிந்தபோது ஆந்தை வளைவில் ஒரு கார்கூட இல்லை. மின்கம்பத்து உச்சியில் ஆந்தை மட்டும், கடை திறக்கக் காத்திருக்கிற வாடிக்கையாளர் மாதிரி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரெய்யா எதிரே லாரியை நிறுத்திக் குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்தாள். மரலாரிகள் போயின, வந்தன. ஆந்தை அசையவில்லை. பனிமேட்டில் எதுவும் விழவில்லை.

ஒரு நாள் தாங்கும் இது. கூட்டம் வெறுங்கையோடு திரும்பும். பறந்து போயிருக்கும் என்பார்கள்; பூங்குருவி பறக்காமல் என்ன செய்யும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி இங்கே வருவார்கள். ஒரே நாள் போதுமா?

மாலை வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தபோது என்சியோ கூப்பிட்டார். பின்னணியில் கலகலவென்று பேச்சுச் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள்.

"பொண்ணு," என்றார். குரல் ஒரு மாதிரி உடைந்திருந்தது. "பார்த்துட்டேன்."

"என்னத்த?"

"என்னத்தன்னு கேக்கறா பாரு. கருந்தொண்டைய. வெசா வேன்ல ஒரு சீட்டு குடுத்தான். மத்தவங்கெல்லாம் வண்டிக்குள்ள சூப் குடிக்கப் போனாங்க, நான் நகரல. பொழுது சாயற நேரத்துல கூட்டம் வந்து இறங்கிச்சு. பின்கிளைல ஒண்ணு. தொண்டை கறுப்பு ரெய்யா, நல்ல கறுப்பு. ஒரு நிமிஷம் கூட இருக்காது. ஆனா பார்த்துட்டேன்."

என்சியோவுக்குக் கார் இல்லை என்று கணக்குப் போட்டிருந்தாள். வெசாவின் வேனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"அங்கதான் இருக்கியா?" என்றார் அவர்.

"இருக்கேன்."

"பாராட்டு சொல்லமாட்டியா?"

"சந்தோஷம் என்சியோ," என்றாள்.

அன்று மாலையே குழுவில் அவர் பெயர் போட்ட வரி வந்தது. அந்த ஒரு வரி ரெய்யாவின் வரியைவிடப் பெரிதாக வேலை செய்தது. என்சியோ சந்தேகப்பிராணி. பத்துப் பேர் பார்த்ததையும் நம்பாதவர். அவரே பார்த்தேன் என்கிறார். ஹெல்சின்கிக்காரர்கள் வாராகோஸ்கியில் அறை எடுத்தார்கள். ஞாயிறும் திங்களும் கூட்டம் அந்த ரோவன் மரத்தடியிலேயே கிடந்தது. வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் இன்னும் பிடிவாதம் ஏறியது.

செவ்வாய்க்கிழமை மின்கம்பம் காலியாக இருந்தது. ரெய்யா பதறிப்போய்ச் சாலையோரத்தைத் தேடினாள். ஒன்றும் இல்லை. அப்புறம் பைனாகுலரில் வயலைத் துழாவியபோது, வெகு தூரத்தில், காட்டு விளிம்பில் சாம்பலாக ஒன்று அந்தரத்தில் நின்று சிறகடித்தது. தலை குப்புறப் பனிக்குள் விழுந்தது. எழுந்தபோது அலகில் பழுப்பாக ஏதோ இருந்தது.

ஜெயித்துவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது குழுவில் அழைப்பு வந்திருந்தது. புதுப் பறவை பார்த்தவர் கேக் வாங்க வேண்டும், அது வழக்கம். புதன்கிழமை மதியம், பெட்ரோல் பங்க் உணவகம், என்சியோவின் செலவு.

அவர் சாதாரண கேக் வாங்கவில்லை. ஸ்ட்ராபெரியும் கிரீமுமாக, கல்யாணத்துக்கு வாங்குகிற அளவில் ஒன்று. சலவை செய்த சட்டை போட்டிருந்தார். மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் வெசா.

"கழிப்பறைக்குப் போகணும்னா இப்பத் தைரியமாப் போகலாம் கிழவா," என்றான் வெசா. எல்லோரும் சிரித்தார்கள். என்சியோ அதிகமாகச் சிரித்தார்.

"அரிய பறவைப் பதிவெல்லாம் சரி பார்க்கிற கமிட்டிக்கு எழுத ஆரம்பிச்சுட்டேன்," என்றார் அவர். "தொண்டை, மார்பு, முதுகு, எல்லாம் விவரமா. கண்டுபிடிச்சவங்கன்னு உன் பேரு ரெய்யா, அடுத்து என் பேரு. உன் விவரத்தையும் குடு, சேத்து அனுப்பறேன்."

கத்தியை எடுத்து, ஸ்ட்ராபெரி அதிகமிருந்த மூலையை வெட்டினார். அதுவும் வழக்கம்தான். முதல் துண்டு பறவையைக் கண்டுபிடித்தவருக்கு. தட்டை அவள் முன்னால் நகர்த்தினார்.

ரெய்யா முள்கரண்டியை எடுத்தாள். கிரீமில் குத்தினாள். வாய்வரை கொண்டு போனவள், திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அங்க பறவை இல்ல," என்றாள்.

"இப்ப இல்ல. பறந்திருக்கும்," என்றார் என்சியோ.

"எப்பவுமே இல்ல. நான் பொய் எழுதினேன்."

காப்பி இயந்திரம் உறுமி அடங்கியது. வெசாதான் முதலில் பேசினான். "என்ன சொல்றீங்க? மூணு நாளு அந்தக் குளிர்ல நின்னோம். ஒரு ஆளுக்குக் கால் விரல் கறுத்துப்போச்சு. எதுக்கு?"

"நீ போட்ட எலிக்கு."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். காப்பி குடிச்சீங்களான்னு கேட்ட."

வெசாவின் முகம் சிவந்தது. மேஜையில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் கைபேசியை எடுத்தாள். குழுவில் நடந்ததை இரண்டு வரியில் எழுதினாள். பிறகு நிர்வாகி பொறுப்பைப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு மாற்றிவிட்டு, ‘வெளியேறு’ என்பதைத் தொட்டாள். விதி அவள் எழுதியதுதானே. யாராவது நீக்கும் வரை காத்திருப்பானேன்.

எழுந்து ஜாக்கெட்டை மாட்டும்போது என்சியோ பேசினார். சத்தமாக இல்லை.

"நீ பாக்கல."

"இல்ல."

"நான் பார்த்தேன்."

"என்சியோ..."

"நீ பொய் சொன்னா அது உன் பாடு. நான் பார்த்தேன்னு சொன்னா பார்த்தேன். உனக்காக என் பறவைய நான் அழிக்கணுமா?" கத்தியை மேஜைமேல் வைத்தார். "கேக்க யாராவது தின்னுங்க."

யாரும் தின்னவில்லை. வாசலில் அவர் தொப்பியை எடுக்கிறவரை ரெய்யா நின்று பார்த்தாள். அவர் தக்காளிப் பக்கம் திரும்பவில்லை. அவள் அங்கே இல்லாதது மாதிரி அவளை ஊடுருவிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குத் தக்காளியே தேவலாம்.

அதன் பிறகு பனிதான். விழுந்தது, வழித்தாள், விழுந்தது. கைபேசி அதிரவே இல்லை. எத்தனையோ வருஷமாக அவளைத் தொந்தரவு செய்த அந்தச் சத்தம் நின்றபோது வீடு காது அடைத்த மாதிரி இருந்தது. ஆந்தை வளைவில் எவரும் நிற்கவில்லை. வெசா ஒரு நாள் காரில் எதிரே வந்தான், வேகத்தைக் குறைத்தான், கையைத் தூக்கவா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் ஒரு விரலை மட்டும் தூக்கிவிட்டுப் போனான்.

ஒரு நாள் காலையில் வாராகோஸ்கி கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. அவளுக்குக் குழாய் விற்றவர்.

"பறவைக்காரங்கள்ல வயசானவர் ஒருத்தர், உங்க சிநேகிதர்தான? தினமும் எங்க எதிர்க்க நிக்கிறார். பஸ்ல வந்து பஸ்ல போறார். உள்ள வந்து சூடு காயுங்கன்னா கேக்க மாட்டேங்கறார். மூக்கு நுனி வெளுத்துப்போச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க, எங்க கண்ணு முன்னாடி ஏதாவது ஆயிடப்போகுது."

மதிய ஓட்டத்தை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு ரெய்யா சொந்தக் காரில் போனாள்.

அவர் முற்றத்தின் நடுவில் முக்காலியோடு நின்றார். புருவமெல்லாம் உறைபனி. ரோவன் மரத்தில் பழம் பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. பறவை ஒன்றும் இல்லை. அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் திரும்பவில்லை.

"போய் வேலையப் பாரு," என்றார்.

"மூக்கத் தேச்சுக்க. வெள்ளையாயிருக்கு."

"என் மூக்கு."

அவள் குடுவையைத் திறந்து கோப்பையில் ஊற்றி நீட்டினாள். கொஞ்ச நேரம் ஆவி மட்டும் அவர்களுக்கு நடுவில் நின்றது. பிறகு வாங்கிக்கொண்டார். கால் விரல்கள் மரத்து, வலித்து, மறுபடி மரத்தன. ரெய்யாவுக்கு நின்றபடியே கண் சொக்கியது.

சூரியன் காட்டுக்குப் பின்னால் இறங்கியபோது மேலே சளசளவென்று சத்தம். கூட்டம் வந்தது. மரத்தில் இறங்கி, பழத்தைப் பிய்த்து, ஒன்றையொன்று விரட்டி, ஒவ்வொன்றாக அமைதியாகிக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

என்சியோ தொலைநோக்கியில் குனிந்தார். "அதே கிளை," என்றார் மெதுவாக. "அதே வெளிச்சம். அங்க. கறுப்பு."

ரெய்யா பைனாகுலரைத் தொடவில்லை. சொல்ல என்ன இருக்கிறது அவளுக்கு? இந்த மரத்தைப் பற்றி அவள் சொல்லும் எதற்கும் இனி மதிப்பு இல்லை.

அவர் குனிந்தபடியே இருந்தார். பின்கிளைப் பறவை உருண்டையாக, தாடை மார்புக்குள் புதைந்து உட்கார்ந்திருந்தது. தாடைக்குக் கீழே இருட்டு. காற்று ஒரு தடவை வீசியது. பறவை கழுத்தை நீட்டிச் சோம்பல் முறித்தது. இருட்டு கலைந்தது.

என்சியோ நிமிரவில்லை. பறவை மறுபடி கழுத்தை இழுத்துக்கொண்டது, மறுபடி தொண்டை கறுத்தது. அதையும் பார்த்தார். இன்னொரு முறை அது கழுத்தை நீட்டும் வரை பொறுத்திருந்து அதையும் பார்த்தார்.

"நிழல்," என்றார்.

அவள் காலை மாற்றி நின்றாள்.

"நிழல்தான். சாம்பல்தலை." நிமிர்ந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நீ எழுதினதப் படிச்சிட்டு வந்தேன். அதனாலதான் அங்க அது இருந்துச்சு. வேற யாராவது எழுதியிருந்தா நானே இன்னொரு தடவ பாத்திருப்பேன்."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது." கையுறையைக் கழற்றிக் கைபேசியை எடுத்தார். விரல் வளையவில்லை. நான் அடிக்கிறேன் என்று அவள் கை நீட்டினாள். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தானே அடித்தார். முடித்ததும் அவளிடம் காட்டினார். ‘வாராகோஸ்கி. நான் பார்த்தது சாம்பல்தலைப் பூங்குருவி. கருந்தொண்டை அல்ல. என்சியோ.’

அனுப்பிவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டார். முக்காலியை மடக்கிக்கொண்டு காரில் ஏறினார். ஹீட்டர் காற்றில் அவர் புருவத்துப் பனி உருகிக் கன்னத்தில் வழிந்தது. காடு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தக் கேக் என்னாச்சு?" என்று கேட்டாள், வெகு தூரம் போன பிறகு.

"ஃப்ரீசர்ல இருக்கு. என்னிக்காவது அது வந்தா வெட்டிக்கலாம்."

லிமிங்கா வயல்கள் தொடங்கும் இடத்தில் வெளிச்சம் கடைசி நூலாக மிச்சமிருந்தது. ரெய்யா காரின் வேகத்தைக் குறைத்தாள். காட்டோரத்தில், ஆந்தை இப்போது வழக்கமாக உட்காருகிற பட்டமரத்து முனையில் சாம்பலாக ஒரு தடிப்பு. தலை மெல்லத் திரும்பியது. அவள் கை தன்னிச்சையாகக் கைபேசிக்குப் போய், யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் திரும்பி வந்தது.

என்சியோ கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். திறக்காமலே கேட்டார்.

"அங்க இருக்கா?"

"இருக்கு."

"உயிரோட?"

"உயிரோட."

"எந்தப் பக்கம்னு சொல்லாத." ஒரு நீண்ட மூச்சு விட்டார். "நம்பறேன். இந்தத் தடவ."

ரெய்யா காரை நகர்த்தினாள். கண்ணாடியில் முதல் பனித்துகள் வந்து ஒட்டியது, அடுத்தது, அதற்கடுத்தது. காலையில் வழிக்க வேண்டும்.